தாரா, பாலமா, பஸ்ஸா: ஊர்ச் சாலைக்கு முதலில் எதைக் கேட்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் ஒரு மொட்டை மாடியில் எங்கள் ஊர்க்காரர்கள் இருபது பேர் கூடினோம். எல்லோரும் சென்னையில் பிழைப்பவர்கள். பெரம்பூரில் தையல் கடை வைத்திருப்பவர், கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர், அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவர், ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், நான். ஊர் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான், ஊத்துக்கோட்டைப் பக்கம். பெரிய சாலையில் இறங்கிய பிறகு உள்ளே போகவேண்டிய மூன்று கிலோமீட்டர்தான் எங்களைப் பல வருஷமாகப் படுத்துகிறது.

அந்த மூன்று கிலோமீட்டரில் முதல் ஒரு கிலோமீட்டர் தார் இன்னும் தேறும். அப்புறம் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. நடுவில் ஓடை, அதன் மேல் தரைப்பாலம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பிடித்தால் தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். சில வருஷம் ஒரே நாளில் வடிந்துவிடும், சில வருஷம் ஒரு வாரம் ஆகும். பாலத்தைத் தாண்டினால் ஊர். ஊரைத் தாண்டி அரை கிலோமீட்டரில் காலனி. அதற்கும் அப்பால் ஏரிக்கரை ஓரமாக இருளர் குடும்பங்கள். அந்த அரை கிலோமீட்டருக்குத் தார் இதுவரை போனதில்லை.

ஊரிலிருந்து எங்களிடம் கேட்டது ஒன்றுதான். மனு எழுதிக் கொடுங்கள், சென்னையில் இருப்பவர்கள் நாலு இடம் ஏறி இறங்கிப் பாருங்கள், ஆனால் எதை முதலில் கேட்பது என்று முடிவு செய்து சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் வைத்தால் எதையாவது ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள் என்பது எங்கள் அனுபவம். மாடியில் நான்கு கருத்து இருந்தது: மூன்று கிலோமீட்டருக்கும் புதுத் தார், தரைப்பாலத்துக்குப் பதில் உயர்மட்டப் பாலம், ஊருக்குள் வரும் பஸ், காலனித் தெருவும் சுடுகாட்டுப் பாதையும். மூன்று மணி நேரம் பேசியும் முடியவில்லை. அதற்குப் பிறகு நான் படித்ததையும் ஊருக்குப் போய்ப் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். இதே கேள்வி நிற்கும் ஊர்கள் சென்னையைச் சுற்றி இன்னும் நிறைய உண்டு.

நான் வைத்துக்கொண்ட அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தமாக வண்டி இல்லாத ஒருத்தர் காலையில் வேலைக்கோ பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விட்டு அன்று சாயங்காலமே வீடு திரும்ப முடிகிறதா? வருஷம் முழுவதும் முடிகிறதா? அன்றைய கூலியில் பெரும்பகுதியை வழிச்செலவுக்கே கொடுக்காமல் முடிகிறதா? கார் வைத்திருப்பவருக்கும் பைக் வைத்திருப்பவருக்கும் எந்தச் சாலையும் ஓரளவு உதவும். ஏழைக்கு உதவுகிறதா என்று பார்க்க இந்த மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்.

மாடியில் தார்க் கட்சிக்குத்தான் ஆள் அதிகம். சாலை வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்றார் வாத்தியார். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். இதைச் சோதித்துப் பார்க்க இந்தியாவே ஒரு பெரிய வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களையும், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களையும் இணைப்பதென்று கணக்கு வைத்தார்கள். இதனால் 510 பேர் உள்ள ஊருக்குச் சாலை வரும், 490 பேர் உள்ள ஊருக்கு வராது. மற்றபடி இரண்டு ஊரும் ஒரே மாதிரிதான். சாம் ஆஷர், பால் நோவோசாத் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இப்படிக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற ஊர்களை ஒப்பிட்டு 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. சாலை வந்து நான்கு வருஷம் கழித்துப் பார்த்தால், விவசாய வேலையை விட்டு ஆட்கள் வேறு வேலைக்குப் போனதுதான் பெரிய மாற்றம். விளைச்சல், வருமானம், வீட்டுச் சொத்து எதிலும் பெரிய மாற்றம் இல்லை. ஊருக்குள் கடை, தொழில் வளர்ந்ததும் கொஞ்சம்தான். பள்ளி விஷயத்தில் இதைவிட நல்ல செய்தி உண்டு. அதே ஆய்வாளர்கள் அஞ்சலி அதுகியாவுடன் சேர்ந்து பார்த்ததில், சாலை வந்த ஊர்களில் நடுநிலை வகுப்புகளில் சேரும் பிள்ளைகள் சுமார் 7 சதவீதம் கூடியிருந்தார்கள். படித்தால் வெளியே வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை சாலையோடு சேர்ந்து வருகிறது போல.

இதை வைத்துத் தார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆய்வில் பெரும்பாலும் இருப்பவை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் நகரத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் கிடக்கும் ஊர்கள். சாலை போட்டாலும் அதன் மறுமுனையில் வேலை இல்லாவிட்டால் வருமானம் எங்கிருந்து வரும்? எங்கள் ஊர் அப்படியல்ல. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், இன்னொரு பக்கம் தேர்வாய் கண்டிகை சிப்காட், தெற்கே சென்னை. ஆள் எடுக்கும் கம்பெனிகள் வேனும் பஸ்ஸும் அனுப்புகின்றன. ஆனால் அவை பெரிய சாலையிலேயே நின்றுவிடுகின்றன. ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு இறங்கும் பெண்பிள்ளைகள் விளக்கில்லாத மூன்று கிலோமீட்டரை நடந்து வரவேண்டும். அப்பாவோ அண்ணனோ டார்ச் எடுத்துக்கொண்டு எதிரே போகிறார்கள். கூட்டிவர ஆள் இல்லாத வீட்டுப் பெண்கள் அந்த வேலைக்கே போவதில்லை. வேன் ஊருக்குள் வந்தால் எங்கள் ஊர்க் காலனியில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு வீட்டு வருமானம் மாறும். வேன் ஓட்டுநரிடமே கேட்டேன். ரோடு மோசமென்றாலும் மெதுவாக வந்துவிடுவேன், தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் வேனோடு உள்ளே மாட்டிக்கொள்வேனே, அதுதான் பயம் என்றார்.

பாலத்தைப் பற்றி நான் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தது அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான்.

எங்கள் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கொட்டுகிறது. ஊர் துண்டிக்கப்படும் நாட்கள் வருஷத்தில் பத்துப் பன்னிரண்டுதானே என்று வாத்தியார் கேட்டார். நாட்கள் கொஞ்சம்தான். ஆனால் எந்த நாட்கள் என்று பார்க்கவேண்டும். பள்ளியில் அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் கோயம்பேட்டில் பூவுக்கு நல்ல விலை. எங்கள் ஊரில் மல்லி பயிரிடுகிறார்கள். விடியுமுன் பறித்த மொட்டு காலைச் சந்தைக்குப் போனால் ஒரு விலை, மலர்ந்த பிறகு போனால் கால் விலை. தண்ணீர் வடியும்வரை பூ காத்திருக்காது. தோட்டக்காரருக்கு நஷ்டம் என்பதோடு நிற்பதில்லை, பூ பறிக்கும் பெண்களுக்கு அன்றைக்குக் கூலியே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் என் சித்தி மகளுக்குப் பிரசவ வலி எடுத்த இரவை நான் மறக்கமாட்டேன். 108க்கு அடித்தோம். வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது, அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. இந்தப் பக்கம் அவளை டிராக்டரில் பாய் விரித்துப் படுக்கவைத்து, இரண்டு பேர் முன்னால் கம்பு ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டே நடக்க, இருட்டில் தண்ணீரைக் கடந்தோம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு டிராக்டர் ஊரில் இருந்தது தற்செயல்.

பாலத்தின் பலன் துண்டிக்கப்படும் நாட்களோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு நிகரகுவா நாட்டில் ஆதாரம் இருக்கிறது. அங்கே வெள்ளத்தில் துண்டிக்கப்படும் கிராமங்களில் நடைபாலங்கள் கட்டி, வையட் புரூக்ஸ், கெவின் டோனவன் என்ற இருவர் சில வருஷம் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். பாலம் இல்லாத ஊர்களில் வெள்ளம் வந்தால் கூலி வருமானம் 18 சதவீதம் விழுந்தது. பாலம் வந்த ஊர்களில் அந்த வீழ்ச்சியே இல்லை. என்னை யோசிக்கவைத்தது வேறொரு கணக்கு. பாலம் வந்தபின் விவசாயிகள் உரத்துக்கு முன்பைவிட 60 சதவீதம் வரை கூடுதலாகச் செலவழித்தார்கள், விவசாய லாபம் 75 சதவீதம் ஏறியது. வெறும் நடைபாலம், மேலே லாரிகூடப் போகாது. எந்த நாளும் வெளியே போய்க் கூலி வாங்கிவர முடியும் என்ற தைரியம் வந்ததும் கையில் இருக்கிற காசை நிலத்தில் போட்டார்கள். அதற்கு முன் ஆபத்துக்கு உதவும் என்று ஒதுக்கிவைத்தே வாழ்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்தால் வீட்டுக்கு வீடு ஒரு மூட்டை அரிசி கடனுக்காவது வாங்கி வைப்பார்கள். அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். அதன் பின்னால் இருப்பது பயம் என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

பாலத்துக்கு எதிராகவும் நியாயம் இருக்கிறது. தார் ஒரு கோடைக்குள் போட்டு முடித்துவிடலாம். பாலத்துக்கு மண் ஆய்வு, வெள்ள அளவு, மதிப்பீடு, டெண்டர் என்று வருஷங்கள் ஓடும். பணக் கணக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டின் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி என்று அறிவித்தார்கள், அதாவது கிலோமீட்டருக்குச் சராசரி 40 லட்சம். எங்கள் ஊரில் பழுதான இரண்டு கிலோமீட்டருக்கு அந்தக் கணக்கில் 80 லட்சம் ஆகும். பாலத்துக்கு எவ்வளவு என்பது ஆய்வுக்குப் பிறகுதான் தெரியும், அதற்குத் தொகுதி நிதியைப் பெரிதாக நம்ப முடியாது. சட்டமன்ற உறுப்பினர் நிதி வருஷத்துக்கு மொத்தத் தொகுதிக்கும் சேர்த்தே 3 கோடிதான். கிராமப்புறப் பாலங்களுக்குப் பல இடங்களில் நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதியிலிருந்து கடன் வாங்கிக் கட்டுகிறார்கள், 1995-96 முதல் அந்த வழி இருக்கிறது. சாலை ஊராட்சி ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். இது தெரியாமல் நாங்கள் ஒரு முறை தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு ஒரு வருஷம் காத்திருந்தோம்.

தாரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தாருக்கு எதிரி தண்ணீர். ஜல்லிக்கும் தாருக்கும் இடையில் தண்ணீர் தேங்கினால் பிடி விட்டுப்போகும், அதன்மேல் மண் லாரி நாலு முறை போனால் பெயர்ந்துவிடும். ஓடைக்கு இருபுறமும் இருநூறு மீட்டர் தாழ்வான பகுதி. எங்கள் ரோடு முதலில் கெட்டது அங்கேதான், திரும்பத் திரும்ப ஒட்டுப் போட்டதும் அங்கேதான். வடிகால் இல்லாமல் மூன்று கிலோமீட்டருக்கும் தார் போட்டால் அந்த இடத்திலிருந்து மறுபடி கெடத் தொடங்கும். ஆகவே பாலமும், இருபுறமும் அணுகுசாலைக்குச் சிமென்ட் கான்கிரீட்டும், பக்கத்தில் வடிகாலும் வந்தபிறகு போடும் தார்தான் நிற்கும். பிரதமர் திட்டச் சாலைகளுக்கு ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்ற விதி உண்டு. எந்தத் திட்டத்தில் போட்டாலும் அதுபோன்ற பொறுப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பஸ்ஸுக்காக வாதாடியது மாடியில் ஒரே ஒரு அம்மாதான். சித்தாள் வேலைக்காக வியாசர்பாடியில் வாடகைக்கு இருக்கிறார், ஊரில் நிலமும் இல்லை, வண்டியும் இல்லை. “ரோடு போடுறது சரி தம்பி. பஸ்ஸு வராத ரோட்டுல நான் இன்னா பண்றது? செருப்பில்லாத காலுக்கு மண்ணு ரோடே மேலு, தாரு வெயில்ல சுடும். முன்னாடி போட்டப்பவே ரெண்டு பக்கமும் இருந்த புளியமரத்த வெட்டிட்டாங்க” என்றார். அந்த மாடியில் பேசிய பேச்சுகளில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். வண்டி இல்லாதவருக்குச் சாலையின் பலன் பஸ் வழியாகத்தான் போய்ச் சேரும்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு மற்ற மாநிலங்களைவிட அனுபவம் அதிகம். 1997இல் மினி பஸ் வந்தபோது எத்தனையோ சிற்றூர்கள் முதல் முறையாகப் பஸ்ஸைப் பார்த்தன. 2025இல் புது மினி பஸ் திட்டமும் வந்திருக்கிறது, வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். ஆனால் மினி பஸ்ஸை ஓட்டுபவர் தனியார். ஆள் ஏறாத ஊரில் டீசல் காசு தேறாது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் கிராமச் சாலையில் சோதனைக்காக ஒரு பஸ் விட்டு, கட்டணத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். எந்தக் கட்டணத்திலும் செலவு ஈடாகவில்லை. சிற்றூர் பஸ்ஸுக்கு அரசு கை கொடுத்தே ஆகவேண்டும் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

அதனால் எனக்கு மினி பஸ்ஸைவிட அரசு நகரப் பேருந்தை நீட்டிக்கச் சொல்வதுதான் மேல் என்று படுகிறது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு கணக்கிட்டது. கூலிக்குப் போகும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் பஸ் எங்கள் ஊர் விலக்கில் நின்றுவிட்டுப் போகிறது. ஊருக்குள் விடச்சொல்லிக் கேட்டதற்கு, மழைக்காலத்தில் தரைப்பாலம் ஆபத்து, ஊருக்குள் பஸ் திரும்ப இடமும் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில் நியாயமானதுதான். ஆக, பஸ்ஸும் கடைசியில் ஓடைக்கரையில் வந்துதான் நிற்கிறது.

சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்ததும் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதாகக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் எழுதினார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில் பலன் அதிகம். நம்மிடம் அதற்கு முன்பே சைக்கிள் வந்துவிட்டது. அதனால் இதைத் தனியாகக் கேட்கவேண்டியதில்லை.

நான்காவது, காலனித் தெரு. இதை மற்ற மூன்றோடு சேர்த்துத் தராசில் வைப்பதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சாலை ஊர் வாசலோடு நின்று, அதற்கப்பால் மண் பாதை தொடங்கும் காட்சி எங்கள் ஊரில் மட்டும் இல்லை. மழை நாளில் காலனியில் ஒரு சாவு விழுந்தால் சேற்றில் முழங்கால் புதையச் சுமந்துகொண்டு போகிறார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இதைப் பல முறை தள்ளிவைத்திருக்கிறோம், ஊர்க்காரர்களான எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதனால் எது முதலில் வந்தாலும் அதன் மதிப்பீட்டுக்குள்ளேயே இந்த அரை கிலோமீட்டர் இருக்கவேண்டும். பாலமோ தாரோ காலனியும் இருளர் குடியிருப்பும் வரை என்று எழுதினால்தான் அது ஒரு வேலை. இன்னொன்று, தெருவுக்குச் சிமென்ட் போடும்போது வீட்டு வாசல் மட்டத்தைவிட உயர்த்தக்கூடாது. சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு எத்தனை தெருக்களில் வீடுகள் பள்ளமாகிவிட்டன என்று நமக்குத் தெரியும். குடிசை வாசலுக்கு அது நடந்தால் ஒரே மழையில் தண்ணீர் அடுப்படிக்குள் நிற்கும். மண்ணை வெட்டி இறக்கி, மட்டம் பார்த்துப் போடச்சொல்லி மனுவிலேயே எழுதவேண்டும்.

ஆக என் வரிசை இது. முதலில் உயர்மட்டப் பாலம், இருபுற அணுகுசாலை, அதோடு காலனி வரை தெரு, ஒரே மனுவில். பாலம் முடிகிற வருஷத்தில் பஸ் உள்ளே வருவதற்கும் திரும்புவதற்கு இடம் ஒதுக்குவதற்கும் இரண்டாவது மனு. மூன்றாவதாகத் தார். பாலம் வரும்வரை தரைப்பாலத்தின் குழாய்களில் அடைத்திருக்கும் மண்ணை ஆவணி முடிவதற்குள் எடுக்கவும், ஆழம் காட்டும் அளவுகம்பம் நடவும் ஊராட்சியைக் கேட்கலாம், அதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

எல்லா ஊருக்கும் இதே வரிசை பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். மழையில் துண்டிக்கப்படாத ஊர் என்றால் பஸ்ஸைத்தான் முதலில் கேட்பேன். பஸ் ஏற்கெனவே வருகிற ஊர் என்றால் தாரைக் கேட்பேன். சாலைக்கு அகலம் எடுக்க ஏழை வீட்டு நாலு சென்ட் போகிறதென்றால், அவர்களுக்கு வழி சொல்லாமல் எதையும் கேட்கமாட்டேன்.

வாத்தியார் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பாலம் என்று ஆரம்பித்தால் தாரும் போய்விடும் என்று பயப்படுகிறார். அவர் பயத்திலும் உண்மை இருக்கிறது. அதனால் நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றும்போது வரிசையையும் அதிலேயே எழுதிவைப்பது என்று பேசியிருக்கிறோம்.

துண்டிக்கப்பட்ட நாட்களுக்குக் கணக்கு இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்களே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, காலனியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தன் நோட்டை எடுத்து வந்து காட்டினாள். போன வருஷம் தண்ணீரால் பள்ளிக்குப் போகமுடியாத நாட்களைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள், வகுப்பில் காரணம் கேட்டால் காட்டுவதற்காம். மொத்தம் பதினொரு நாள். அரையாண்டுத் தேர்வு வாரத்தில் மட்டும் மூன்று. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மனுவோடு இணைக்கிறோம்.